பையைக் கொட்டு

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் மருந்துப் பையைப் பார்க்க வேண்டும். பயிற்சி மருந்தாளராகத் திரிங்காப் பக்கத்து நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி இது. டாக்டர் என்ன நினைத்தார் என்பது சீட்டில் இருக்கும். வீட்டில் என்ன நடக்கிறது என்பது பையில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போன நோயாளி எனக்கு அபூர்வமாகத்தான் வாய்த்தார்.

மலேசியாவில் மருந்தியல் பட்டத்துக்கு நான்கு வருடம் படிக்க வேண்டும். அதன்பின் ஒரு வருடம் தற்காலிகப் பதிவோடு பயிற்சி. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்குக் கேமரன் மலை கிடைத்தது. அதுவரை கேமரன் என்றால் பள்ளி விடுமுறை, ஸ்ட்ராபெர்ரி, சனி ஞாயிறு நெரிசல், அவ்வளவுதான். திரிங்காப் என்ற பெயரையே சாலைப் பலகையில்தான் படித்திருக்கிறேன். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில், கீ பார்மைத் தாண்டி வரும் சின்னப் பட்டணம் அது. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். தேயிலை ஒரு பக்கம் சுங்கை பாலாஸிலும் மறுபக்கம் புளூ வேலியிலும் இருக்கிறது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் இந்த மலையில் கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழர்களுடையவை. இன்று பங்களாதேஷ், நேபாள, இந்தோனேசியத் தொழிலாளிகள்தான் அதிகம். தமிழர்களில் எங்கள் கிளினிக் மேசைக்கு வருகிறவர்கள் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். லயத்திலோ, லாரி ஓட்டும் மகனோடு பட்டணத்து வாடகை வீட்டிலோ இருப்பவர்கள்.

எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு மலாய்க்கார மூத்த மருந்தாளர். எல்லாருக்கும் அவர் ‘காக்’, அக்கா. பல வருடமாக மலையிலேயே இருக்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்: பசி, தலைசுத்து, கால் வீக்கம், சாப்பிட்டாச்சா, பொய் சொல்லக் கூடாது. இதை வைத்தே பாதிப் பேரைச் சமாளித்துவிடுவார். மீதிப் பாதிக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். மொழிபெயர்க்க உட்கார்ந்துதான் நான் இந்த வேலையைக் கற்றேன்.

பை என்று சொன்னாலும் வருவது பெரும்பாலும் மைலோ டின், இல்லையென்றால் தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின். மேசையில் பழைய நாளிதழை விரித்து அதில் கொட்டச் சொல்வோம். கொட்டியதும் கை வைக்கக் கூடாது என்பது காக்கின் கட்டளை. சும்மா பார்க்க வேண்டும். எந்த அட்டை காலி, எதில் ஒன்றுகூடப் பிய்க்கவில்லை, எந்த உறையில் போன வருடத் தேதி, எது அரசாங்க லேபிள், எது தனியார் கிளினிக் உறை, எது பேர் ஊர் இல்லாத கறுப்பு உருண்டை. பிறகு மூக்கு. உதிரியாகக் கிடக்கும் ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சிதைந்து காடி வாடை அடிக்கும். மூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும் ஊரில் டின் மூடியைத் திறந்ததும் அது முகத்தில் அடித்துவிடும். மெட்ஃபார்மினில் மீன் கவிச்சி வரும். அது அந்த மாத்திரையின் இயல்பு, கெட்டுப்போன அடையாளமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் சுத்தபத்தமான சைவப் பாட்டிகள் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரை தனிக் கதை. அது பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்க வேண்டும். திறந்தால் எட்டு வாரத்தில் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக்கில் வைத்தால் வீரியம் கசிந்து போய்விடும். ஒரு தாத்தா அதைப் பேத்தி வாங்கித் தந்த ஏழு அறை மாத்திரை டப்பாவில், ஞாயிற்றுக்கிழமை அறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். “ஞாயித்துக்கிழமதான்மா கோயிலுக்கு மேடு ஏறுவேன், அன்னிக்குத்தான் நெஞ்சு புடிக்கும்.” அவர் கணக்கில் தப்பே இல்லை. அந்த டப்பாக்கள் மேல் எனக்கு இன்றுவரை அவ்வளவு பிரியம் வரவில்லை. பார்க்க ஒழுங்காக இருக்கும். மாத்திரை எது, எதற்கு என்பது மட்டும் மறைந்துபோகும்.

ஐந்து மருந்தோ அதற்கு மேலோ போனால் அதைப் பல்மருந்துப் பழக்கம் (பாலிஃபார்மசி) என்று புத்தகத்தில் படித்தோம். இங்கே ஐந்து என்பது ஆரம்பம். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று வந்தது. மற்ற இனங்களைவிட அதிகம். 2023 ஆய்வில் இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, உடல்பருமன் நான்கும் சேர்ந்தே இருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சிகிச்சை வழிகாட்டி உண்டு. ஒவ்வொரு வழிகாட்டியும் தன் நோயைப் பொறுத்தவரை நியாயமாகத்தான் பேசும். நான்கையும் ஒரே உடம்பில் அமல்படுத்தினால் டின் நிறைந்துவிடும்.

மருந்து வரும் வாசலும் ஒன்றல்ல. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் வந்துவிடும். இருதயத்துக்கு ஈப்போ ஆஸ்பத்திரி. திடீரென்று தலைசுற்றினால் பட்டணத்துத் தனியார் கிளினிக். முட்டிவலிக்குச் சீன மருந்துக்கடை. போதாததற்கு நேரடி விற்பனைக்காரர் மருமகளிடம் தள்ளிவிட்ட ஊட்டச்சத்துப் புட்டி. ஒரு வாசலில் கொடுத்தது மற்ற வாசலுக்குத் தெரியாது. ஒரே மருந்து இரண்டு பேரில் வருவதும் இப்படித்தான். கொதிப்புக்கு அரசாங்க உறையில் அம்லோடிபின், தனியார் உறையில் நார்வாஸ்க். கலர் வேறு, அட்டை வேறு, உள்ளே ஒரே சரக்கு. இங்கே சிம்வாஸ்டாட்டின், அங்கே லிப்பிட்டார், இரண்டும் கொழுப்பைக் குறைக்கும் ஒரே குடும்பம். அம்லோடிபின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.-க்கு மேல் போகக்கூடாது, தசை நொந்துபோகும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-இல் வெளியிட்டது. உடம்பெல்லாம் வலி என்று வரும் பாட்டியிடம் வலி மாத்திரை நீட்டுவதற்கு முன் அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின் இரண்டு அட்டையும் டின்னில் இருக்கின்றனவா என்று தேடுவது எனக்கு அனிச்சையாகவே வந்துவிட்டது.

கேள்வி கேட்பதுதான் கஷ்டமான பாடம். “மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்று: “சாப்பிடுறேன்மா.” தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை, வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் தோட்ட அலுவலகக் கிராணிக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிடுவார்கள். காக் அந்தக் கேள்வியையே தடை செய்துவிட்டார். “காலைல எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?” என்று தொடங்கி, படுக்கும்வரை அவர்கள் நாளைப் பின்தொடர வேண்டும். மாத்திரை தானாக வந்து விழும்.

அப்படி விழுந்தவற்றில் முதல் பெரிய விஷயம், தண்ணி மாத்திரை. ஃப்ரூஸமைட் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மூத்திரம் முட்டும். கொழுந்துக்காட்டில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. சரிவில் கூடையோடு ஏறி இறங்க வேறு செய்ய வேண்டும். இன்னும் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, நானும் பெண் என்பதால் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வேல நாள்ல போடுறதில்லம்மா. ஞாயித்துக்கிழம ரெண்டா போட்டுக்குவேன்.” கிளினிக்குக்கு வரும் நாளிலும் போடுவதில்லை, நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதனால் நாங்கள் ரத்தக்கொதிப்பை அளப்பது எப்போதுமே மாத்திரை போடாத நாளில். கொதிப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அவர் வீடு திரும்பிக் குளித்துவிட்டு உட்காரும் நேரம் பிற்பகல் மூன்று. மூன்று மணிக்குப் போட்டால் தூக்கத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். ‘காலை’ என்று லேபிளில் இருப்பதைப் ‘பிற்பகல் 3’ என்று மாற்ற டாக்டர் கையெழுத்து ஒன்று போதுமாக இருந்தது.

இரண்டாவது, தேத்தண்ணி. ரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினால் தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. தேயிலைத் தோட்டத்துப் பெண்ணிடம் சாயா குடிக்காதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சொன்னாலும் கேட்கமாட்டார்கள். மாத்திரையை ராத்திரிக்கு, வெந்நீரோடு நகர்த்தினோம். தைராய்டு மாத்திரையோடும் சாயா ஆகாது. விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு அதைப் போட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் சாயா. இரும்போ கால்சியமோ நான்கு மணி நேரம் தள்ளி.

மூன்றாவதை நான் அதிக நேரம் எடுத்துத்தான் புரிந்துகொண்டேன். கிளிக்கிளஸைட் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இனிப்புநீர் மாத்திரை. லேபிளில் அப்படியே இருக்கும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர் விடியுமுன் எழுந்து மாத்திரை போட்டு, வெறும் சாயாவும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார். சோறு பத்து மணிக்கு. எட்டரை, ஒன்பதுக்குக் கைகால் உதறும். “குளுருதும்மா, மலைக் காத்து” என்பார். சக தொழிலாளிகளும் அதையேதான் சொல்வார்கள். இவ்வளவு உயரத்தில் இருக்கும் ஊரில் உதறலுக்குக் குளிரைத் தவிர வேறு காரணம் யாருக்குத் தோன்றும்? காக் கேட்பது ஒரே கேள்வி: “குளுர்ல வேர்க்குதா?” வேர்த்தால் அது குளிர் இல்லை, சர்க்கரை இறங்குகிறது. இந்தக் கேள்விக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. இருதயத்துக்கு பிஸோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் மறையாது. இதே வரியை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் நனைந்த ஸ்வெட்டரோடு ஒருவர் எதிரே உட்கார்ந்தபோதுதான் அது என் கைக்கு வந்தது.

ஓய்வு பெற்றவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6 என்று வந்தால் எல்லாரும் பாராட்டுவார்கள். எழுபத்தைந்து வயதில், தனியாக இருக்கும் பாட்டிக்கு அந்த 6 நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. மலேசிய வழிகாட்டியே இப்படிப்பட்டவர்களுக்கு 7-க்கு மேல் 8 வரை தளர்த்திக்கொள்ளலாம் என்கிறது. கீழே விழுந்து இடுப்பு உடைவது சர்க்கரைச் சீட்டில் வராது.

மருந்துக்கு மருந்து முளைப்பதையும் இங்கேதான் கண்ணால் பார்த்தேன். பவுலா ரோஷனும் ஜெரி கர்விட்ஸும் 1990-களிலேயே எழுதிவைத்தது இது: ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றொன்று. ஒரு பாட்டியின் டின்னில் தேதிகளை வரிசைப்படுத்தினேன். அம்லோடிபின் 5-லிருந்து 10 மி.கி. ஆனது. சில வாரத்தில் கணுக்கால் வீக்கம், அதற்குத் தண்ணி மாத்திரை. தண்ணி மாத்திரையால் பொட்டாசியம் இறங்கி கெண்டைக்கால் பிடிப்பு, அதற்குப் பொட்டாசியம் மாத்திரை. அது வயிற்றைப் புண்ணாக்க, அதற்கு ஒமிப்ரஸோல். இதற்கு நடுவில் இன்னொரு கொதிப்பு மாத்திரையான பெரிண்டோபிரிலால் வரும் வறட்டு இருமலுக்கு மலைக்குளிரைக் காரணம் காட்டி இருமல் தண்ணி, புட்டி புட்டியாக. எழுதியவர்கள் நான்கு வெவ்வேறு டாக்டர்கள், ஒவ்வொருவரும் அன்றைக்குத் தன் முன்னால் இருந்த தொந்தரவைத்தான் தீர்த்தார். யாரையும் குறைசொல்ல வழியில்லை. ஒருவரும் பின்னோக்கிப் படிக்கவில்லை, அதுதான் விஷயம். பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டிய இடத்தில் கூட்டுவதற்கு நேரம் இருக்கிறது, கழிப்பதற்கு இல்லை. கழிப்பது யார் வேலை என்றுகூட எங்கும் எழுதியிருக்கவில்லை. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் மருந்தால் வரும் கேட்டைக் குறைக்கத் தொடங்கிய இயக்கத்தில் பல்மருந்தைத் தனித் தலைப்பாகவே வைத்தது. அந்தத் தலைப்பு திரிங்காப்பில் ஒரு மேசை, ஒரு நாளிதழ், நிறைய பொறுமை.

முட்டிவலிக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா டின்னிலும் அது இருக்கிறது. முப்பது நாற்பது வருடம் சரிவில் ஏறி இறங்கிய முட்டிகள். டைக்ளோஃபினாக், பான்ஸ்தான், கடையில் உதிரியாக வாங்கியது. பெரிண்டோபிரில் ஒன்று, தண்ணி மாத்திரை ஒன்று, அதோடு இந்த வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். மூன்றில் இரண்டை டாக்டர் எழுதியிருப்பார், மூன்றாவது சீட்டிலேயே இருக்காது. அதனால்தான் பை. அந்தக் கறுப்பு உருண்டைகள் இன்னும் மோசம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் பூரித்திருக்கிறது என்று சொன்னால் உள்ளே டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரையும் கொதிப்பும் காரணமில்லாமல் ஏறுவதற்கு அது ஒன்றே போதும். நிறுத்துவதிலும் அவசரப்படக் கூடாது. நீண்ட நாள் தின்றவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, டாக்டர் பார்வையில்தான் குறைக்க வேண்டும். பதிவு செய்த மருந்தில் ‘மால்’ என்ற எழுத்தும் அதைத் தொடர்ந்து எண்ணும், பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அதைத் தேடிப் பார்க்கப் பாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை, எழுத்து பொடிசு. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். போலீஸ் வேலை என்றால் அவர்களுக்கு உற்சாகம்.

வார்ஃபரின் எடுப்பவர்கள் ஒரு சிலர்தான். ரத்தம் உறையாமல் இருக்க எடுப்பது. 1 மி.கி. பழுப்பு, 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. பச்சைக் கீரையில் இருக்கும் கே வைட்டமின் அதை மட்டுப்படுத்தும் என்பதால் “கீரையை விடுங்கள்” என்று அவர்களில் ஒருவரிடம் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். திரிங்காப்பில் இருந்துகொண்டு கீரையை விடுவதா? மகன் கைலானும் சாவியும் பயிரிடுகிறார், விலை விழுந்த வாரத்தில் வீட்டில் மூன்று வேளையும் அதுதான். விட வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப டாக்டர் மாத்திரையின் அளவைச் சரிசெய்துகொள்வார் என்று காக் மாற்றிச் சொல்லித்தந்தார். சந்தை விலை விழுந்தால் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

லேபிள் மலாயில் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர்கள் தமிழை நன்றாகவே படிப்பார்கள், லேபிளைத்தான் படிக்க மாட்டார்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, மாத்திரையை அந்தக் கட்டத்திலேயே செலோடேப்பில் ஒட்டி, பக்கத்தில் தமிழில் எதற்கு என்று எழுதித் தரத் தொடங்கினேன். ‘கொதிப்புக்கு’, ‘இனிப்புநீருக்கு, சோறு பக்கத்தில் இருந்தால் மட்டும்’. நேரத்தைக் கடிகாரத்தில் எழுதாமல் ‘சாமி கும்பிட்ட பிறகு’, ‘நாடகம் முடிந்ததும்’ என்று எழுதச் சொன்னவர் காக். தமிழ் நாடகம் எத்தனை மணிக்கு முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி மாறி மாத்திரையின் கலர் மாறும்போதெல்லாம் ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும். சலிப்பான வேலை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கழிப்பதற்கு மருந்தாளருக்கு அதிகாரம் கிடையாது. குறிப்பு எழுதி டாக்டருக்கு வைக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குறிப்பை எழுதுவதும் ஒரு கலை. “இதை நிறுத்தவும்” என்று எழுதினால் அப்படியே கிடக்கும். எது எப்போது தொடங்கியது, அதற்குப் பின் என்ன வந்தது என்று தேதியோடு நான்கு வரி, கடைசியில் ஒரே ஒரு யோசனை. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது. கணுக்கால் வீங்கிய அந்தப் பாட்டிக்கு டாக்டர் முதலில் அம்லோடிபினைப் பழையபடி 5-க்கு இறக்கினார். வீக்கம் வடிந்தபின் தண்ணி மாத்திரையை நிறுத்தினார், அதோடு பொட்டாசியத்தையும், பிறகு ஒமிப்ரஸோலையும். இருமல் தண்ணிக்குக் காரணமான பெரிண்டோபிரிலுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் லோசார்ட்டன். முடிய மாதங்கள் ஆயின, நடுவில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை.

எனக்குச் சந்தோஷம். பாட்டிக்கு இல்லை. “ஏம்மா, வயசானவன்னு கொறைச்சிட்டீங்களா? இல்ல கவர்மெண்ட்ல காசு இல்லையா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து, தனக்கு ஆறா? மாத்திரை கூடுவது கவனிப்பு, குறைவது கைவிடுவது என்றுதான் அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) எல்லா நோய்க்கும் ஒரே கலவையைக் கரண்டியில் ஊற்றிய காலத்தை அவர் பார்த்தவர். காக் குறுக்கிட்டு, தன் தமிழில், “காசு இருக்கு பாட்டி. கால் பாருங்க” என்றார். பாட்டி செருப்பைக் கழற்றிக் கணுக்காலைப் பார்த்துக்கொண்டார். எலும்பு தெரிந்தது. சரி, அப்போ மிச்ச மாத்திரையை என்ன செய்வது என்றார். இங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கொடுத்தார், பொட்டாசியத்தைத் தவிர. கெண்டைக்கால் பிடித்தால் வேண்டுமாம். லோசார்ட்டனோடு அது ஏன் ஆகாது என்பதை மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தேன், வெளியே டோக்கன் எண் ஓடிக்கொண்டிருந்தது.